நாலாவது படியில் உட்கார்ந்த யானை

மூன்று மாநிலத்து இரும்பும் பெயரைக் கேட்டாலே நடுங்கிய என் அருமை மாப்பிள்ளை சேவியருக்கு,

யாருமே நம்பாத ஒரு கதையை இன்று உனக்குச் சொல்வதாகத் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். தலை என்னுடையதுதான். நீ கண்ணை மூடிய இந்த இரண்டு வருடத்தில் அதில் முடிதான் மிச்சமில்லை.

உன் மகள் ஷீபா கட்டிடக்கலை மூன்றாம் வருடம் படிக்கிறாள். கண்ணில் பட்டதையெல்லாம் வரைகிறாள். ஜூஜுவாடி செக்போஸ்டில் நின்ற ஒரு லாரியின் தார்ப்பாய் மடிப்பை அவள் வரைந்து முடிப்பதற்குள், அந்த லாரி பெங்களூரு போய்ச் சரக்கிறக்கி, டிரைவருக்குப் பேரன் பிறந்து, திரும்பியும் வந்துவிட்டது.

"இதுல என்னம்மா இருக்கு?"

"கயிறு எங்க இழுக்குதுன்னு பாக்குறேன் மாமா."

அன்றிலிருந்து எந்த லாரியைப் பார்த்தாலும் எனக்குக் கயிறுதான் தெரிகிறது. உனக்கும் அப்படித்தான் தெரிந்ததா?

போன வாரம் காலேஜில் ஒரு வீட்டை முழுக்க அளந்து வரையச் சொன்னார்கள். அவள் நீ கட்டிய வீட்டையே எடுத்துக்கொண்டாள். மாடிப்படியில் எல்லாம் பதினேழு சென்டிமீட்டர் உயரம். நாலாவது மட்டும் பன்னிரண்டு. "நீ தப்பா அளந்திருக்கணும், இல்ல, கட்டினவர் தப்பா அளந்திருக்கணும்" என்றாராம் டீச்சர். இரும்பைக் கடையும் டூல்ரூமில் முடியளவு பிசகினாலும் வேலையைத் திருப்பி அனுப்பியவன் நீ! பிள்ளை முகம் தொங்கிப்போயிற்று.

"அப்பா தப்பா அளப்பாரா மாமா?"

உடனே அவிழ்த்துவிட்டேன்: வீடு கட்டும்போது அஞ்செட்டிக் காட்டிலிருந்து ஒரு யானை மாங்காய் தேடி வந்தது, தின்ற களைப்பில் ஈரம் காயாத நாலாவது படியில் உட்கார்ந்தது, படி அமுங்கிவிட்டது.

படியையும் யானையையும் ஒரே அளவுகோலில் வரைந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"படி அகலம் முக்கா மீட்டர். ஆனையோட பின்பக்கம் ஒன்றரை. எப்படி உக்காந்துச்சு?"

"ஒருக்களிச்சு."

"தும்பிக்கையில கைப்பிடியப் புடிச்சுக்கிச்சா?"

"கைப்பிடி அப்புறந்தானே வெச்சது!"

இருவரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள். "நாளைக்குப் படத்தக் குடுக்கணும். எல்லாம் பதினேழுன்னு போட்டுட்டா வேலை முடிஞ்சுது. போட மாட்டேன். நெசத்தச் சொல்லு மாமா."

உனக்கு ஞாபகம் இருக்கும். படி உயரத்துக்கு ஒரு குச்சியை நறுக்கி, மேஸ்திரியிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்துவிட்டு ஷிப்டுக்குப் போனாய். மூன்று படி முடித்து அவர் டீ குடிக்கப் போனார். நான் அந்தக் குச்சியை மாமரத்தின் மேல் வீசினேன். நுனி முறிந்தது. சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்தக் குட்டைக் குச்சியை வைத்தே நாலாவதைக் கட்டிவிட்டு, ஐந்தாவது படிக்குப் போனபோதுதான் அவர் கண்டுபிடித்தார்.

சாயங்காலம் வந்து நீ படியைப் பார்த்தாய், குச்சியைப் பார்த்தாய், என் வாயோரத்து மாங்காய்ப் பாலையும் பார்த்தாய். "நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்" என்றாய். இத்தனை வருடம் அதில் தடுக்கிய அத்தனை பேரும், என் தங்கச்சி உட்பட, உன்னைத்தான் திட்டினார்கள். ஏன் மாப்பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்குக் கோபமா? அவள் படத்தில் நாலாவது படிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு, பொடி எழுத்தில் 'மாமா' என்று எழுதினாள்.

நாளை நானும் காலேஜுக்குப் போகிறேன். பிசகியது உன் அளவு இல்லை, என் கைதான் என்று டீச்சர் முன்னால் சொல்வேன். யானையைப் பற்றி மூச்சுவிட மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் மாங்காய் மட்டும் நிஜம்.

அதைத் தின்ற,
உன் மச்சான் ஆரோக்கியம்