மூன்று பேர் நின்ற படம்

மாசி, ஞாயிறு.

படத்தில் ஆட்கள் ஒற்றைப்படையில் நின்றால் பார்க்க நன்றாயிருக்கும் என்று படித்திருந்தேன். சாயங்காலம் அன்னூர்த் தோட்டத்தில் அப்பா, அம்மா, அத்தை மூவரையும் வாழைக்கு முன்னால் நிறுத்தி போனில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் அத்தை எண்ணினார்.

“ஏங்கண்ணு, மூணு பேரா போட்டோ எடுத்தா ஒருத்தருக்கு ஆகாதுன்னு தெரியாதா? அழிச்சுப்போடு.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். நாளை மறுநாள் அப்பாவுக்கு ஆபரேஷன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அழிக்கத்தான் இப்போது படத்தைத் திறந்தேன். அவர்கள் காலடியில் என் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. எடுப்பவரின் நிழல் படத்தில் விழக்கூடாது என்றும் படித்திருக்கிறேன். தலை, தோள், போனைப் பிடித்த கை, எல்லாம் தெளிவாக இருக்கின்றன.

நிழலைக் கணக்கில் சேர்ப்பார்களா, தெரியவில்லை. நான் சேர்த்துக்கொண்டேன்.