தலை எண்ணெய் பட்ட கல்

1926, ஐப்பசி, வியாழன் இரவு

இன்று பாலுக்கு ரப்பர் மரம் வெட்டும்போது என் உளி பட்டையைச் சீவாமல் பிய்த்துவிட்டது. கங்காணி காயத்தைத் தடவிப் பார்த்தார். "இன்னொரு மரத்துல இப்படி ஆச்சுன்னா நீ புல்லு வெட்டத்தான் போகணும், தாயி."

உளியின் மேல் குற்றமில்லை. ஈப்போவிலிருந்து வீட்டுக்காரர் வாங்கி வந்த புதுத் தீட்டுக்கல்லுக்குத் தண்ணீர்தான் விட வேண்டும். நான் பழக்க தோஷத்தில் தலையைத் தடவி, கையில் ஒட்டிய எண்ணெயைக் கல்லில் பூசிவிட்டேன்; உளியில் கூர் ஏறவில்லை. அடுத்த வீட்டில் இருந்த பாஞ்சாலை அக்கா அப்படித்தான் தீட்டுவாள். அவளுடைய எண்ணெய்க்கல்தான் எங்கள் இருவருக்கும். முதலில் என் உளியைத் தீட்டி, நகத்தில் கூர் பார்த்துக் கொடுப்பாள். போன மாதம் அவள் வேலை மாறிச் சுங்காய்த் தோட்டத்துக்குப் போனபோது கல்லும் அவளோடு போயிற்று.

"எண்ணெ படக்கூடாதுன்னு கடைக்காரத் தவுக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாருடி!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

சாம்பல் போட்டுத் தேய்த்தேன். உளி இன்னும் கல்லில் வழுக்குகிறது. முகர்ந்து பார்த்தேன். வெந்தய வாசம். அக்கா போகும்போது காய்ச்சிக் கொடுத்த எண்ணெய்.

நாளையிலிருந்து தலைக்கு எண்ணெயே வைக்காதே என்கிறார். புட்டியில் ஒரு விரற்கடைதான் மிச்சம் என்று அவரிடம் சொல்லவில்லை.