பள்ளத்தைக் காணோம்

வியாழன், ஷார்ஜா.

நேற்றும் இன்றும் ராஸ் அல் கைமாவில் பழைய வண்டி யார்டுகளில் அலைந்து, ஒருவழியாகப் பின்விளக்கைக் கழற்றிக்கொண்டு மதியம் கராஜுக்கு வந்தேன். அரபி முதலாளியின் அமெரிக்கக் காருக்கு. அவர் அப்பா ஓட்டிய வண்டி அது. மூக்கு நீளம், முதுகு குட்டை, பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் கம்பெனியே வைத்த ஒரு பள்ளம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பள்ளம்தான் பிடிக்கும். வெயில் சாய்ந்து அதில் விழுந்தால், நிற்கிற வண்டியே பாய்கிற மாதிரி இருக்கும்.

பள்ளத்தைக் காணோம். டிங்கர் காசிம் உள்ளிருந்து தகட்டைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, வழவழவென்று தேய்த்து வைத்திருக்கிறான்.

"யாரோ நல்லா இடிச்சிருக்காங்கண்ணே. சரி பண்ணிட்டேன்."

"ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல எவன்டா இடிப்பான்?"

"அதான்ணே எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு."

சுத்தியலை வீசிவிட்டு வெளியே போய்விட்டேன். நாளை முதலாளி வருகிறார். பள்ளத்தைத் திரும்ப அடிக்க அளவு வேண்டும். காரில் இல்லை, காகிதத்திலும் இல்லை.

யார்டில் விளக்கைக் கழற்றிய வண்டி இதே மாடல். துருப்பிடித்திருந்தாலும் பள்ளம் இரண்டும் அப்படியே இருந்தன. மீதி வண்டியை என்ன செய்ய என்று யார்டுக்காரப் பட்டாணியன் கேட்டான், "பாக்கி காடி?" நான்தான் சொன்னேன், "கலாஸ் பாய், வேலை முடிஞ்சுது, நசுக்கிடு."

சாயங்காலம் போன் போட்டேன். நான் கிளம்பியதுமே நசுக்கிவிட்டானாம்.

காசிமை இனி எந்த வாயால் திட்டுவது?