கும்பத்தடியில் வைத்த புத்தகங்கள்

பிளேஸ்டோ, லண்டன்
விஜயதசமி கழிந்த ஞாயிறு

அன்பு மகன் சயந்தனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இந்த வயதுக்கு ஏற்ற சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மரிசோலும் குட்டி லூசியாவும் டெக்சாஸில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் வாய் திறக்கமுன்னமே ஓம் அப்பா, விளங்குது அப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. அங்கே உங்களோடும் இங்கே அம்மாவோடும் சமாதானம் பேசிப் பேசி எனக்கும் அலுத்துப்போய்விட்டது.

அம்மாவின் முழங்கால் ஒப்பரேஷன் இன்னும் தள்ளிப் போகிறது. படியில் நின்று நின்றுதான் ஏறுகிறா. நான் ஈஸ்ட் ஹாம் கடையில் காலை ஷிப்டை விடவில்லை. மூட்டை தூக்க வேண்டாம், கல்லாவில் இருங்கோ என்று முதலாளி ஞானேஸ்வரன் சொல்லிவிட்டார், இப்போது இருந்து இருந்து இடுப்பு நோகிறது. கூரை ஒழுக்குப் பார்க்க வருகிறேன் என்றவனும் வரவில்லை. இதெல்லாம் இருக்கிறதுதான். ஆனால் டிசம்பரில் நத்தாருக்கு லண்டன் வரமாட்டோம் என்று மரிசோல் சொன்ன நாளிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மரிசோல் அனுப்பிய பார்சல் வந்தது நவராத்திரிக்குக் கும்பம் வைத்த அன்று. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிற தங்கள் ஆட்களைக் கொண்டாடுகிற மாதம் என்று, என்னென்ன புத்தகம் வாசிக்கலாமென்று வருஷா வருஷம் தான் வேலை செய்கிற பள்ளிக்கூட நூலகத்தில் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுகிற பிள்ளை, இந்த முறை மாமா மாமிக்கும் ஆறு புத்தகம் தெரிந்தெடுத்து அனுப்பியிருந்தாள். வாசித்துவிட்டு இருங்கள், நத்தாருக்கு வந்து கதைப்போம் என்று உள்ளே ஒரு துண்டுக் கடிதமும் வைத்திருந்தாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசி மூன்று நாள்தானே சரஸ்வதிக்குப் புத்தகம் வைப்போம், இவ பொறுக்கவில்லை. மருமகளின் புத்தகம் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும் என்று மஞ்சள் பட்டுத்துண்டால் சுற்றி, பூ வைத்து, கும்பத்தடியில் அடுக்கிவிட்டா. வைத்தால் விஜயதசமி வரைக்கும் ஒருவரும் தொட ஏலாது. ஒன்றையாவது எடுத்துப் பார்ப்போமே என்று கேட்டேன். சாமியிட்டக் குடுத்ததை இடையில பிடுங்கிறதோ என்று என்மேல் பாய்ந்தா.

அந்த ஞாயிறு மரிசோல் வீடியோவில் வந்து, வாசிக்கத் தொடங்கிவிட்டீர்களா என்று ஆசையாகக் கேட்டாள். அம்மா பெருமையோடு போனைச் சாமியறைக்குக் கொண்டுபோய்க் காட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கட்டி வைத்திருக்கிறோம், திறக்க மாட்டோம் என்று சொன்னா. நான் இடையில் புகுந்து, சாமிக்காகத்தான் மூடினோம் என்று சொன்னது இன்னும் மோசமாகப் போய்விட்டது. பிள்ளையின் முகம் அப்படியே மாறிவிட்டது, அதுக்குப் பிறகுதான் நத்தாருக்கு வரமாட்டோம் என்றாள். பிள்ளைகளுக்கு ஆகாதென்று யாரோ பெற்றோர் முறையிட்டு, இதே மாதிரிப் புத்தகங்களை அவளுடைய அலுமாரியிலிருந்து எடுத்துப் பெட்டியில் கட்டி வைத்த கதையை நீ பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். அவள் வேறு என்ன நினைப்பாள்? ஆனால் உனக்குத் தெரியும்தானே. கணக்குப் புத்தகத்தைக் கும்பத்தடியில் தள்ளிவிட்டு, இப்ப படிச்சால் சாமி கோவிக்கும் அப்பா என்று டிவி பார்த்த பிள்ளை நீ. உன் மனிசிக்கு இரண்டு வசனத்தில் விளங்கப்படுத்தாமல், அவ கோவமா இருக்கிறா, விடுங்கோ அப்பா என்று எனக்குச் சொல்லுகிறாய். அதுதான் எனக்கு மனவருத்தம்.

விஜயதசமி காலை குளித்துவிட்டு வந்து ஐந்து புத்தகத்தை எடுத்தேன். கடையில் ஆட்கள் வராத நேரம் பார்த்து வாசிக்கிறேன், கண்ணாடி போட்டும் எழுத்து மங்குகிறது. ஒன்றில் நத்தாருக்குச் சோளமாவைச் சோளப்பொத்தியின் மடலில் பொதிந்து அவிக்கக் குடும்பமே குசினியில் கூடி நிற்கிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கட இலைக் கொழுக்கட்டைதானே, உள்ளுக்குள்ள இறைச்சி வைக்கினம் போல என்றா. இன்னொன்றில் ஒரு சின்னப் பெண், பாஷை தெரியாத தகப்பனோடு ஒவ்வொரு அலுவலகமாகப் போய் அவருக்காகக் கதைக்கிறாள். அவரை யாராவது கேவலமாகப் பேசினால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லுகிறாள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி. பள்ளிக்கூட உடுப்போடு ஒரு அலுவலக ஜன்னலடியில் நீ எட்டி நின்று எனக்காகக் கதைத்தது ஞாபகம் வந்தது. அந்த மனிசன் அவ்வளவு நேரம் கத்தினான், நீ என்னைப் பார்த்து, பிறகு வரட்டாம் அப்பா என்று மட்டும் சொன்னாய். எனக்கு அப்போதே தெரியும். கல்லாவில் ஒரு அக்கா கறிவேப்பிலையோடு நிற்கிறா, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ஆறாவது புத்தகம் குழந்தைகளுக்கானது, ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறுபக்கம் இங்கிலீஷ். அதை மட்டும் அம்மா இன்னும் எடுக்க விடவில்லை. லூசியாவுக்கு மூன்று வயதாகிறது, ஏடு தொடக்க வேணும். மரிசோல் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, அந்தப் புத்தகத்தின் முதல் எழுத்தை அரிசியில் எழுதுவிக்க வேணுமாம். தமிழ் ஆனாவை நான் பிறகு சொல்லிக்குடுக்கிறன் என்கிறா. சயந்தனுக்குக் கோயில் ஐயரெல்லோ தொடக்கினவர் என்று கேட்டேன். புத்தகத்தோடயே சீவிக்கிற பிள்ளை, அவளை விட ஆர் இருக்கினம் என்று என்னையே திருப்பிக் கேட்டா. நத்தாருக்கு ஏலாவிட்டால் தைப்பூசத்துக்காவது வாருங்கள், அதுவும் ஏடு தொடக்க நல்ல நாள்தான். அதுவரைக்கும் புத்தகம் அந்தப் பட்டுத்துண்டோடுதான் இருக்கும். அந்த முழங்காலோடு படியேறிப் போய்த் தினமும் பூ மாற்றுகிறா.

குட்டிக்கு எங்கள் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் மனதை ஒருவர் அறிந்து நீடு வாழ வேணும். ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதத்தை நீதான் மரிசோலுக்கு வாசித்துச் சொல்ல வேணும். சின்னனில் எனக்குச் செய்தது போல நோகிற சொல்லை விட்டுவிட்டுச் சொல்லாதே. உன்னை ஏசின இடத்தையும் சேர்த்து, இந்த முறை முழுவதையும் சொல்லு.

என்றும் உன் அப்பா,
வாமதேவன்