அப்பா குளிக்காத முத்து

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று நடந்த எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் ஊரான அரிப்பின் கடலில் நண்டு பிடிக்கும் அப்பாவைப் பற்றி வகுப்புக்கு நான் எழுதிய கட்டுரையில் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தும்படி ஏஐயிடம் கேட்டேன். அது அவரை முத்துக் குளிப்பவராக்கிவிட்டது. இங்கே இப்போது யார் முத்துக் குளிக்கிறார்கள்? நான் கவனித்தேன். அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஊருக்குப் புதிதாய் வந்த தமிழ் ரீச்சர் அதை வகுப்பில் வாசித்தார். “நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும். முத்துக் குளிச்ச கதையை எல்லாருக்கும் சொல்லட்டும்,” என்றார்.

வகுப்பில் தொழிலைப் பற்றிப் பேச ரீச்சர் வரச்சொன்னதை மட்டும் வீட்டில் சொன்னேன்.

“நண்டைப் பற்றியோ? விடிய விடியச் சொல்லுவன் பிள்ளை!” என்று அப்பா சிரித்தார். நாளை அவர் கடலுக்குப் போகவில்லை. பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டை, காலையில் உடுத்துவதற்காகக் கதிரை முதுகில் விரித்து வைத்திருக்கிறார்.

சற்றுமுன் “அப்பா” என்று கூப்பிட்டேன்.

“என்ன பிள்ளை?”

“ஒண்டுமில்லை.”

காலையில் எப்படியும் சொல்ல வேண்டும். அம்மா விளக்கை அணைக்கிறார்.