மிளகாய் மணக்கும் ஜக்கெற்

முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து மனைவி கௌரி வீடு வருமுன் தவநேசன் கிளம்பியாக வேண்டும். விடியுமுன்பே காட்டுப் பரணில் ஏறி அசையாமல் இருந்தால்தான் மான் வரும். வேட்டைக்குக் கூட்டிப்போகும் மேல்மாடி வெள்ளைக்காரன் டீற்றர் கீழே காரோடு காத்து நின்றான். தவநேசன் குசினி மேசையில் குனிந்து சீட்டு எழுதினான்.

“கௌரி, இடியப்பம் மூடி வச்சிருக்கிறன். சொதியைச் சூடாக்கிச் சாப்பிட்டிட்டுப் படும். ஹீற்றர் திருத்த ஆள் வந்தால் கதவு திறக்க வேண்டாம், பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறன்.

என்ரை வேட்டை ஜக்கெற் குசினியிலை தொங்கேக்கை நீர் மிளகாய் வறுத்ததுக்கு, நேற்று உம்மடை வேலையிடத்துக்கே ரெலிபோன் எடுத்துக் கத்தினது பிழைதான். அந்த மணத்துக்கு மான் கிட்டவும் வராதாம். டீற்றர் தன்ரை ஜக்கெற் ஒண்டு தாறன் எண்டவன். நான் வேண்டாமெண்டிட்டன்.”

சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுக் கதவுவரை போனான். கீழே ஹோர்ன் அடித்தது. திரும்பி வந்து, அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்.

“இந்தக் கிழமை முழுக்க உம்மை நித்திரையிலைதான் பாத்தனான். மான் வராட்டிப் போகட்டும். அந்த இருட்டுக்குள்ளை எனக்கு இந்த ஜக்கெற் மணமே போதும்.”