ரப்பர் விளைக்குக் குடிபோன அப்பா

செங்கல்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மக்கா சுனிலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை அஞ்சுவும் சுகம், பின்லாந்துப் பனியில் உனக்கு ஒரு தலைவலிகூட வராமல் மகேஸ்வரத்துச் சிவபார்வதி காக்க வேண்டும். அப்பா சுகமா என்று கேட்காதே, ரொம்பச் சுகமாக இருக்கிறார், அதுதான் இங்கே பிரச்சினை. இந்தக் கோபத்தில் நான் எழுதினால் தாள் கிழிந்துவிடும், நான் சொல்லச் சொல்ல அஞ்சுதான் எழுதுகிறாள். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், கடிதம் என்றால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்ப அந்த நாட்டில் ஒரு சட்டை கிடைக்கவில்லையா மக்கா? ஒரு புத்தகத்தை அனுப்பி வைத்தாய். அந்த ஊர்க்காரர் எழுதின சிரிப்பு நாவலாம், வேலையையும் பட்டணத்தையும் உதறிவிட்டு ஒருவன் காட்டுக்குப் போகிறானாம். அஞ்சு இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த மறுநாள் வில்லேஜ் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, போனை என் கையில் திணித்துவிட்டு, பாயும் சட்டியுமாக உதியன்குளங்கரையில் நம் ரப்பர் மரம் நிற்கிற விளைக்குக் குடிபோய்விட்டார். ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொட்டகைப் புரையில்தான் வாசம். மனுஷ சத்தம் இல்லாத இடம் வேணும் பகவதி, ஊரார் மனுவெல்லாம் வாசிச்சு மண்டை காஞ்சு போச்சு என்று என்னிடம் சொன்னார். அது சிரிக்க எழுதினது அம்மா, அப்பா அதைச் சமையல் குறிப்பு மாதிரி எடுத்துக்கொண்டார் என்கிறாள் அஞ்சு. வாசித்துக் காட்டினதும் அவள், இப்போது வியாக்கியானமும் அவள். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், எழுதடி என்றேன்.

காடாம் காடு! நம் விளையில் நின்று தும்மினால் ரோட்டில் போகிற பஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். ரப்பர் பால் வெட்ட வருகிற சோமன் முதல் நாளே பார்த்துவிட்டு, ஆபீஸ் சாரு விளையில சும்மா இருக்காரு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், அமரவிளையிலிருந்துகூட ஆள் வரத் தொடங்கியாயிற்று. இங்கே பாதி வீட்டில் பழைய பத்திரம் தமிழில் கிடக்கிறது, பிள்ளைகளுக்கோ மலையாளம்தான் வாசிக்க வரும். இவர் தமிழை வாசித்து மலையாளத்தில் மனு எழுதிக் கொடுப்பார். ஆபீசில் வரிசையில் நிற்க வேண்டும், இங்கே பலாமரத்து நிழல். எலே, இது நல்ல வசதியாக்கும் என்று மீன்கார ஈசாக் தன் அண்ணனையும் மச்சினனையும் கூட்டி வந்துவிட்டான்.

நேற்று நானும் அஞ்சுவும் கஞ்சி கொண்டு போனால் வேலி வரைக்கும் ஆள். மனு எழுத வந்த விலாசினி மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்து, சாரே கொறச்சுகூடி எடுக்கணே என்று இன்னும் கொஞ்சம் தின்னச் சொல்லி உபசாரம். இவர் மடியில் பலகையை வைத்து எழுதுகிறார், முகத்தில் என்ன ஒரு பிரகாசம்! வீட்டில் கரண்ட் பில்லை நீட்டினால் முகத்தைச் சுளிக்கிற மனுஷன். லீவு முடிஞ்சு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகணுமே என்றேன். நான் இனி போகல்ல, ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு இயற்கையோட இருக்கப் போறேன் என்றார். பக்கத்தில் ஈசாக் பீடி இழுத்துக்கொண்டு நிற்கிறான், மச்சினன் போனில் கத்துகிறான், இதுதான் இயற்கை! அஞ்சு ஒன்பதாம் வகுப்பு, அவள் படித்து முடிக்கும்வரை அந்த வேலை வேண்டாமா? நீ பணம் அனுப்புகிறாய் என்பதற்காக எல்லாச் சுமையையும் உன் தலையில் வைக்க முடியுமா?

அவரிடம் கெஞ்சிப் பிரயோசனம் இல்லை. ஆட்கள் பக்கம் திரும்பி, இனி விளையில மனு கிடையாது, சாரு திங்கட்கிழமை ஆபீசுக்கு வாறாரு, எல்லாரும் அங்க வாங்க என்று உரக்கச் சொல்லிவிட்டேன். விலாசினியின் நிலத்து எல்லையில் நின்ற அதிர்க்கல்லைப் பக்கத்து விளைக்காரன் பிடுங்கி நகர்த்தி நட்டிருக்கிறான், அவள் மனு பாதியில் நிற்கிறது. அவள் கையெடுத்துக் கும்பிட்டு, நான் முதல் ஆளா அங்க வாறேன் சாரே, சாரு உண்டுன்னாத்தான் எனக்கு தைரியம் என்றாள். அப்பா பேனாவை மூடிக்கொண்டு என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். பிறகு அந்தப் பாதி மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்து மணிக்கு வராதே, பத்தரைக்கு வா, நான் பஸ் பிடிச்சு வரணும் என்றார். அவளிடம் சொன்னார் மக்கா, கட்டின பெண்டாட்டி நான் பக்கத்தில் நிற்க, அவளிடம்!

ஞாயிற்றுக்கிழமை சோமன் நம்பரில் அப்பாவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேள், சிரித்து வைக்காதே. நைட் டூட்டி முடிந்து வெறும் காப்பியோடு படுக்காதே, சோறு வைத்துச் சாப்பிடு. நல்ல ஆயுசோடு இரு மக்கா.

கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
பகவதியம்மாள்
(சொன்னபடியே எழுதியது அஞ்சு)